பெஞ்சின் இடது ஓரம்

…இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது, வாசித்து முடித்த பிறகு நினைத்துக்கொள்ளலாம், இப்போது மூச்சு, முதலில் மூச்சு, அப்புறம்தான் கை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சதாசிவம் பியானோ பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தான். வலது ஓரத்தில் தங்கை ராசம்மா முன்னமே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, அவை நழுவாமலிருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் கையை நீட்டினாள். ஒரு கையால் முடிச்சுப் போட வராது, அவன்தான் போட வேண்டும், முதல் கச்சேரியிலிருந்து அப்படித்தான்… வெறுங்கையோட ஒரு பொம்பளப்புள்ள சபையில உக்காரக் கூடாதுன்னு அம்மா, வளையல் கட்டையில இடிச்சுச் சத்தம் போடுதும்மான்னு இவள், இரண்டு பேருக்கும் நடுவில் இந்தக் கைக்குட்டை. முடிச்சு இறுகிவிட்டதோ? அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. குளுவாங் ஊர்த் துரைமார்கள் கிளப்பில் மாலைத் தேநீர் வேளை, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களின் மேல் மழை இறங்கத் தயாராக நின்றது, உள்ளே கரண்டிகள் கோப்பையில் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மூன்றாவது வரிசையில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்த டச்சுக்காரர். பார்க்காதே. கடைசி உருப்படி இது, எப்போதும் கடைசியில் வாசிக்கிற உருப்படி, இது முடிந்தால் அவர் எழுந்து வருவார், வந்து, சரி, என்ன முடிவு பண்ணினாய் என்று கேட்பார்.

அவன் மூச்சை இழுத்தான், அவள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும், நான்கு கைகளும் ஒன்றாக இறங்கின. இனிக் கவலையில்லை, கைக்கு வழி தெரியும், கை போகும், மனசுதான் போகாத இடத்துக்கெல்லாம் போகும்… காலையில் கிளப்பின் பின்பக்கத்து வராந்தாவில், சமையல்கட்டுக்குப் பக்கத்தில், அண்ணன் தங்கைக்கு என்று போட்டிருந்த சின்ன மேசைக்கு அவர் தாமாகவே வந்தார். ராசம்மா முகம் கழுவப் போயிருந்தாள். பாதி ஆங்கிலமும் பாதி மலாயுமாக அவர் பேசினார், ஜோகூர் பாருவில் இவர்கள் வாசித்ததைக் கேட்டிருக்கிறாராம். ஒரு பாடகி இருக்கிறாளாம், பெரிய பாடகி, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவள், அவளோடு பியானோ வாசிக்க வந்த ஆள் பினாங்கில் மலேரியாக் காய்ச்சல் கண்டு திரும்பிப் போய்விட்டானாம். மேடான், பத்தேவியா, சுரபாயா, அப்புறம் கொழும்பு, அதற்கப்புறம் எதுவரையோ… உடனே ஆள் வேண்டும். என் தங்கை நன்றாகத்தான் வாசிப்பாள் என்று சதாசிவம் சொல்ல ஆரம்பித்தான், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உன் தங்கை இல்லை, நீ. மேலே பாட்டை வாசிக்கிறவர்கள் எங்கே போனாலும் இருக்கிறார்கள், பாடுகிறவள் மூச்சு வாங்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் கையிலிருந்த கோப்பை சாசரில் இடித்துக் கவிழ்ந்து, வெள்ளைக் கோட்டின் வலது கை ஓரத்தில் தேநீர் பட்டு, அந்நேரம் பார்த்து ராசம்மா வந்து, "என்னண்ணே, கப்பு அவ்வளவு கனமா?" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டாள். துரை என்ன சொன்னாரு என்று கேட்டாள். பியானோ ஈரம் புடிச்சிருக்காம், என்றான். ஓ, என்றாள். அந்தக் கறை இன்னும் இருக்கிறது, இதோ, வலது கை நகரும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஏன் பொய் சொன்னான்? எதற்காகப் பியானோ மேல் பழி? … பியானோ ஈரம் பிடிப்பது ஒன்றும் அவர்களுக்குப் புதிதில்லை. கூலாய்க்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா அய்யாவு கணக்கெழுதும் பெரிய கிராணி, ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் துரையின் பங்களா, அந்தப் பங்களாக் கூடத்தில் கறுப்பாய் ஒரு பியானோ, கரையான் ஏறாமலிருக்க அதன் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பார்கள். ஏதோ குளிக்கப் போகிற எருமை மாதிரி இருக்குதுண்ணே என்று ராசம்மா சொன்னாள், அப்போது அவளுக்குக் கால் தரையில் எட்டாது. பங்களா வேலைக்காரிக்கு ஒத்தாசையாக அம்மா கிருஷ்ணம்மா போகும்போது இரண்டு பேரும் கூடப் போவார்கள், துரைசாணிக்குப் பிள்ளைகள் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை, ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம்தான் துரை அனுமதித்தார். அதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு அரை மணிதான் வரும், அதற்குள் யாருக்கு என்ன வரும் என்று யோசித்துத்தான் அவள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, நான்கு கைக்கு எழுதியதையே சொல்லிக்கொடுத்தாள். கால் எட்டுகிறவன் இடது பக்கம், பெடல் அவனுக்கு. எட்டாதவள் வலது பக்கம், பாட்டு அவளுக்கு. அவ்வளவுதான் காரணம், அண்ணன் தங்கை என்பதுகூட இல்லை, காலின் நீளம். அன்று உட்கார்ந்த இடத்தில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்குக் கால் எட்ட ஆரம்பித்து எத்தனையோ காலமாகிறது, இருந்தும் பெடலை ஒரு நாள் எனக்குக் கொடு என்று அவள் கேட்டதில்லை, இந்தா என்று அவனும் சொன்னதில்லை… ஏன் சொன்னதில்லை? தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லையா?

இதோ அவளுடைய வேகமான இடம், அவள் விரல்கள் கொட்டாங்கச்சியில் மழை விழுகிற மாதிரி விழும் இடம், அவன் கீழே சும்மா நான்கு சுரங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் போதும். எல்லாரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். எப்போதும் அப்படித்தான், அதில் அவனுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை, பெருமைதான், சேலையும் மல்லிகைப்பூவுமாக ஒரு தமிழ்ப் பெண் இப்படி வாசிக்கிறாளே என்று அவர்கள் வாயைத் திறப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஜோகூர் பாருவில் ஊமைப்படம் ஓடிய நாளில் யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை, திரைக்குக் கீழே இருட்டில் இரண்டு பேரும், குதிரை ஓடினால் வேகம், காதலி அழுதால் மெதுவு. ஒரு தடவை அழுகிற இடத்தில் ராசம்மா படத்தையே பார்த்துக்கொண்டு வாசிக்காமல் விட்டுவிட்டாள், என்ன ஆச்சுன்னு இவன் இடித்தால், இருண்ணே அவ செத்துருவாளா பாப்போம்லா, என்றாள். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்புறம் படமே பேச ஆரம்பித்தது, இவர்கள் வேலை போனது. இனி என்ன செய்வது என்று அவன் திகைத்து நின்றபோது, அவள்தான் கான்வென்ட் சிஸ்டர்களிடம் போய், ஒரு கச்சேரி வைக்கிறோம், இடம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வந்தாள். அதைக் கேட்டவர்கள் சொல்லி இன்னொரு ஊர், அங்கே கேட்டவர்கள் சொல்லி இன்னொரு கிளப்… மூவார், பத்து பகாட், சிகாமட், பாலம் தாண்டிச் சிங்கப்பூர். எந்தக் கிளப்பிலும் முன்வாசல் வழியாகப் போனதில்லை, எல்லாக் கிளப்பிலும் பின்வராந்தாவில் சாப்பிட்டாயிற்று, இங்க ஆட்டுக்கறி பரவாயில்லண்ணே, பத்து பகாட்லதான் மோசம், என்று அவள் ஒவ்வொரு சமையல்கட்டுக்கும் தரம் சொல்வாள்.

அண்ணன் கூட இருக்கிறான் என்பதால்தான் அப்பா விட்டார். அதுதான் விஷயம். அங்கேதான் எல்லாம் வந்து முட்டுகிறது. அவன் கப்பலேறிவிட்டால் ராசம்மா எந்த ஊருக்குப் போவாள், யாரோடு போவாள், ஒரு பெண் தனியாக ரயிலேறி வெள்ளைக்காரன் கிளப்பில் வாசித்துவிட்டு வருவதற்கு யார் சம்மதிப்பார்கள்? ஊர்த் தமிழர் சங்கத்துக்காரர்கள் இப்போதே ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். அவன் போகிற அன்றோடு அவள் வாசிப்பு முடிந்தது, அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். அப்படியானால் போகக் கூடாது. போகக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், காலையிலிருந்து சுரபாயா, சுரபாயா என்று நாக்கில் ஒரு தித்திப்பு ஓடிக்கொண்டிருக்கிறதே, அது யாருடைய நாக்கு? நீ, என்றாரே. உன் தங்கை இல்லை, நீ. யாராவது அப்படி அவனிடம் சொல்லியிருக்கிறார்களா, கேட்டதுண்டா? … மெதுவாக, இங்கே மெதுவாக, ராசம்மா வேகம் குறைக்கிறாள், அவனும் குறைத்தான், பெடலை ஒரு மயிரிழை தளர்த்தினான், பெரிய ஊர்வலம் போன பிறகு தெருவில் நிற்கிற அமைதி மாதிரி அந்த மெதுவான பகுதி வந்தது. வந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் அந்தச் சுரம்.

பங்களாப் பியானோவில் நடுக்கட்டைக்கு மேலே ஒரு வெள்ளைக் கட்டை செத்துப்போயிருந்தது. உள்ளே சுத்தியலைப் பூச்சி அரித்துவிட்டது, அமுக்கினால் டொக்கென்று மரச்சத்தம் மட்டும் வரும், அதற்கான சாமான் சீமையிலிருந்து வர வேண்டும் என்றார்கள், வரவேயில்லை. மற்ற இடங்களில் அது தெரியாது, ஓட்டத்தில் மறைந்துவிடும். இந்த உருப்படியில், இந்த மெதுவான பகுதியில், எல்லாம் நின்று அந்த ஒரு சுரம் மட்டும் தனியாக நீள வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது அவன் வலது கைக்கு உரியது. டொக்கென்று தட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? சின்னப் பையனாக அவன் கட்டையைத் தொடாமல் அந்தச் சுரத்தை வாயை மூடிக்கொண்டு முனகினான். துரைசாணி சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றாள். அது கையோடு ஒட்டிக்கொண்டது. நல்ல பியானோக்கள் வந்தன, எல்லாக் கட்டையும் பேசுகிற பியானோக்கள், இருந்தும் அந்த இடம் வந்தால் அவன் விரல் அந்தக் கட்டைக்கு மேலே காற்றில் நிற்கும், தொண்டையிலிருந்து சுரம் வரும், அது முடியும்வரை ராசம்மா காத்திருந்து பாட்டை எடுப்பாள். அவன் வேண்டுமென்று செய்வதில்லை, அந்தக் கட்டை செத்தது என்று விரல் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. காலையில் கிளம்பும்போது டச்சுக்காரர் அதைத்தான் சொன்னார், ஒன்றே ஒன்று, அந்த முனகலை நிறுத்திவிட வேண்டும், பாடகிக்குப் பக்கத்தில் வேறு தொண்டை இருக்கக் கூடாது. நிறுத்த முடியுமா? இன்று ஒரு தடவை நிறுத்திப் பார்த்தால் என்ன? போவதற்காக இல்லை, முடியுமா என்று தெரிந்துகொள்ள, அவ்வளவுதான், சும்மா… விரல் இறங்க மறுத்தது, தண்ணீர் ஆழம் தெரியாதவன் காலைப் போல ஒரு கணம் பின்வாங்கியது, பிறகு இறங்கியது. கட்டை பேசியது. எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு சுலபமாக. அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அந்தச் சுரம் நீள்வதைக் கேட்டான். அதோடு இன்னொன்றையும் கேட்டான்.

வலது பக்கத்திலிருந்து, மெல்ல, அதே சுரம். ராசம்மா முனகிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை, அவள் கண்கள் கட்டைகளின் மேல்தான் இருந்தன, தான் செய்வது அவளுக்கே தெரியுமோ தெரியாதோ, மூடிய உதடுகளுக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது. இன்று புதிதாகவா? இல்லை, புதிதாக வருகிற குரல் இப்படி இருக்காது, இது பழகிய குரல், இத்தனை காலமும் அவனோடு சேர்ந்து அவளும் முனகியிருக்கிறாள், அவன் தலைக்குள் அவனுடைய சத்தமே நிறைந்திருந்ததால் கேட்டதில்லை. தனக்காகக் காத்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்… அவள் பாட்டை எடுத்தாள். கொஞ்சம் தாமதமாக எடுத்தாளோ? அவன் கண்ணுக்கு முன்னால் கட்டைகள் எல்லாம் ஒன்றாகிக் கலங்கின, நல்லவேளை கைக்கு வழி தெரியும். வெளியே மழை கொட்டத் தொடங்கியது, தகரக் கூரையை மீறிக் கேட்க வேண்டுமென்று அவள் வேகத்தைக் கூட்டினாள், அவனும் கூட ஓடினான், இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தைச் சின்ன வயதில் மழைக்கு முன்னால் பங்களா மேட்டிலிருந்து வீட்டுக்கு ஓடியதைப் போல ஓடி முடித்தார்கள்.

கைதட்டல். எழுந்து கும்பிட்டார்கள். பக்கவாட்டுக் கதவைத் தாண்டிச் சமையல்கட்டு நடைக்கு வந்ததும் ராசம்மா சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள், நெற்றியில் வியர்வை, முகத்தில் ஒரு சிரிப்பு, அது முழுதாக வரவில்லை.

"கட்டைய அமுக்கிட்ட," என்றாள்.

"ம்."

"அப்ப போற."

அவன் அவளையே பார்த்தான். மழைச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தான். "யார் சொன்னா உனக்கு?"

"அந்தத் துரை என்கிட்டதான மொதல்ல கேட்டாரு. போன வாரம், ஜோகூர் பாருல, நீ டிக்கெட் எடுக்கப் போயிருந்தியே. அண்ணன விடுவியான்னு கேட்டாரு, அந்த முனகல நிறுத்திடணும்னும் சொன்னாரு. நல்லா கேட்டீங்க, அண்ணன் என்ன ஆட்டுக்குட்டியா, நான் புடிச்சுக் கட்டி வைக்கன்னேன். போய் அண்ணன்கிட்டயே கேளுங்க, வருவாருன்னு சொன்னேன்."

"வருவேன்னு சொன்னியா?"

"பின்ன?"

"ஒரு வாரமா தெரிஞ்சுக்கிட்டு வாயத் தொறக்கலயே நீ."

"நீ மட்டும் தொறந்தியா? பியானோ ஈரம் புடிச்சிருக்காம்." அவள் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அலமாக், பொய் சொல்லவும் தெரியல இதுக்கு. அந்தப் பாட்டுக்காரச் சீமாட்டிகிட்ட என்ன பண்ணப் போற?"

"நீ என்ன பண்ணுவ, ராசு? தனியா எப்படி…"

"தெரியல," என்றாள், சாதாரணமாக, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வதைப் போல. "அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல நீ அம்மாகிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு யோசி. நான் சொல்ல மாட்டேன்."

இல்லை, நான் இன்னும் முடிவு பண்ணவில்லை, சும்மா அமுக்கிப் பார்த்தேன், என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது, அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை அந்த வார்த்தை? காலையிலிருந்து அவன் கட்டி வைத்திருந்த நியாயமெல்லாம், தங்கை, அப்பா, ரயில், சங்கத்துக்காரர்கள், எல்லாம் அவள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததோ? போகாதண்ணே என்று அவள் ஒரு தடவை சொல்லியிருந்தால் போகாமல் இருந்துவிடலாம், போகாமல் இருந்த பெருமையோடு இருந்துவிடலாம், காலமெல்லாம் அவளுக்காக இருந்தேன் என்று… அவள் சொல்லவில்லை. வருவாருன்னு சொன்னேன், என்கிறாள். எந்த முகத்தோடு சொல்லியிருப்பாள் அதை? அவனுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான், வேறென்ன, அவனுக்கு ஒரு நல்லது என்றால் அவள் எதையும் விட்டுக்கொடுப்பாள், சின்ன வயதில் தன் பங்கு முறுக்கை எடுத்துவைத்து அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடுத்தவள்தானே. அது மட்டும்தானா? அவன் நெஞ்சுக்குள் அன்பும் ஒரு சின்ன வலியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் நின்றன.

கூடத்தில் கைதட்டல் நிற்கவில்லை. கிளப்புக் காரியதரிசி கதவுக்குள் தலையை நீட்டி, மழை விடுகிற மாதிரி இல்லை, இன்னும் ஒன்று வாசியுங்கள் என்றார். ராசம்மா முன்னால் போனாள். வாடாண்ணே என்று முதுகில் தட்டிவிட்டுத்தான் போனாள், அப்படி அவள் கூப்பிடுவது கோபம் இல்லாத நாளில் மட்டும். அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனான், மூன்றாவது வரிசையில் டச்சுக்காரர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார், அவனும் அசைத்தான், அசைத்த பிறகுதான் அது பதில் ஆகிவிட்டதே என்று தோன்றியது. பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ராசம்மா உட்கார்ந்துவிட்டாள். வலது ஓரத்தில் இல்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, நடுவை நோக்கி, இரண்டு முழங்காலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, இடது பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்கி உட்கார்ந்தால் உட்காரலாம் என்கிற மாதிரி. தெரியாமல் உட்கார்ந்திருப்பாள், மனசு எங்கேயோ இருக்கும், தள்ளு ராசு என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். அதைச் சொல்வதற்கு அவன் குனிந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி நிமிர்ந்துகொண்டான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்களில் ஒரு சௌகரியம் இருந்தது, இதற்கு முன் அவன் அதை அவளிடம் பார்த்ததில்லை.